இரண்டாம் குழுவில் இருந்தவர்

நேற்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதுதான் என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிறேன். காதில் ஹெட்போன், எதிரே கணினி, பக்கத்தில் கிண்ணங்களும் கரண்டிகளும் அச்சடித்த ஒரு படப் புத்தகம். அதே புத்தகத்தின் பிரதி எதிர்முனையில் இருப்பவர்களிடமும் இருக்கும். மூன்றாம் நம்பர் கிண்ணமா, நான்காம் நம்பர் கிண்ணமா என்று நான் கேட்பேன். அவர்கள் எப்போதும் சின்னக் கிண்ணத்தின் நம்பரையே சொல்வார்கள். பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். வயசைச் சொல்லும்போதுகூட மனிதர்கள் இவ்வளவு பொய் சொல்வதில்லை.

பேக்கரி வைத்திருக்கும் ஒரு அம்மா வேகவைத்த காய்கறியை மட்டுமே தின்று உயிர் வாழ்வதாகச் சொல்வார். சொல்லும்போதே அவர் வாயில் ஏதோ மொறுமொறுவென்று நொறுங்கும். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் தினமும் எட்டு கிலோமீட்டர் நடக்கிறார். அவர் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்பது என் திரையில் பளிச்சென்று தெரியும். எனக்குக் கோபம் வரும். வந்து என்ன செய்ய? காட்டக் கூடாது. 'நல்லது', 'அடடா', 'பரவாயில்லை' மூன்றும் எங்களுக்குத் தடை செய்யப்பட்ட வார்த்தைகள். எதிரே இருப்பவர் ஒரு வாளி ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் என்றாலும், ஒரு வாரம் பட்டினி கிடந்தேன் என்றாலும், "சரி, அப்புறம்?" அவ்வளவுதான். மெச்சினால் மெச்சுவதற்காகவே அடுத்த மாதம் பொய் சொல்வார்களாம். மெச்சாமலேயே இந்த லட்சணம்.

இப்போது நடக்கிற ஆராய்ச்சி இதுதான். பெருங்குடலில் சிலருக்குச் சின்னச் சின்னதாகச் சதை முளைக்கும். பாலிப் என்பார்கள். அப்படியே விட்டால் அவற்றில் சில நாளாவட்டத்தில் புற்றுநோயாக மாறும். அதை வெட்டி எடுத்துக்கொண்டவர்கள் இரண்டாயிரம் பேரைச் சேர்த்தார்கள். சாப்பாட்டை மாற்றி, உடம்பை அசைத்து வாழ்ந்தால் அது மறுபடி முளைப்பது குறையுமா என்பது கேள்வி. கணினி சீட்டுக் குலுக்கி ஆட்களை இரண்டாகப் பிரித்தது. முதல் குழுவுக்கு ஒரு பயிற்சியாளர், நடைத் திட்டம், நார்ச்சத்து மிகுந்த உணவுப் பட்டியல், வாரம் ஒரு கூட்டம். இரண்டாம் குழுவுக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம், மாதம் ஒரு தடவை என் குரல். மூன்று வருடம் முடிந்ததும் எல்லோருக்கும் ஸ்கோப் என்கிற கேமராக் குழாயைக் குடலுக்குள் விட்டு, யாருக்கு எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணுவார்கள்.

என் பங்குக்கு எண்பத்து மூன்று பேர். ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் நடந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை நான் உட்கார்ந்தே இருக்கிறேன். இதைச் சொல்லி என் தங்கை சிரிப்பாள். சிரிக்கட்டும்.

எண்பத்து மூன்று பேரில் எனக்குப் பிடித்தவர் ஒரே ஒருவர். அவர் எடை ஆய்வாளர். கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற அலுவலகத்தில் வேலை. நான் அவரை மனதுக்குள் எடைக்காரர் என்றே அழைப்பேன். ஐம்பத்தாறு வயது. அவருடைய அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில் குடல் புற்றுநோயில் இறந்துபோனார். அடுத்த வருடம் இவரைச் சோதித்தபோது மூன்று பாலிப் இருந்தது. எடுத்தார்கள். தையல்கூட இல்லாத சிகிச்சை, ஆனால் மனுஷர் அரண்டு போயிருந்தார். ஆராய்ச்சியில் சேர்ந்ததே முதல் குழுவில் இடம் கிடைக்கும், யாராவது கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில்.

கணினி அவரை இரண்டாம் குழுவில் போட்டது.

அதைச் சொல்ல வேண்டியது நான். முதல் அழைப்பிலேயே சொன்னேன். "அப்ப எனக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டார். பள்ளியில் சேர்த்துக்கொள்ளாத குழந்தையின் குரல் போல இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. எழுதிக் கொடுத்த வாசகத்தை மட்டும் படித்துவிட்டு வாயை மூடியிருக்க வேண்டும். என் வாய்தான் சும்மா இருக்காதே. ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்பது அன்று சாயங்காலமே எனக்கு மறந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புரிஞ்சுது மேடம்" என்றார். குரல் தெளிந்திருந்தது. ஒரு ஆளைச் சமாதானப்படுத்திவிட்டேன் என்று எனக்கும் ஒரே பெருமை.

அடுத்த மாதத்திலிருந்து அவர் எனக்குக் கிடைத்த வரம். படப் புத்தகத்தையே அவர் திறக்கவில்லை. சாப்பிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தராசில் வைத்துவிடுவார். காலை ஏழு இருபது, ரொட்டி இரண்டு துண்டு, அறுபத்திரண்டு கிராம். வெண்ணெய் பதினொன்று. இறைச்சி சாசேஜ் இரண்டு, தொண்ணூற்றாறு கிராம். தேநீரில் சர்க்கரை பத்து. மத்தியானம் அலுவலக உணவகத்தில் வறுத்த உருளைக்கிழங்கு நூற்று நாற்பது, பொரித்த இறைச்சி நூற்றுப் பத்து. சாயங்காலம் பிஸ்கட் நாலு. நடந்தது வீட்டு வாசலிலிருந்து கார் வரை, கார் நிறுத்தும் இடத்திலிருந்து மேஜை வரை, திரும்ப அதே. இருநூற்றுப் பத்து மீட்டர். "சரி, அப்புறம்?" என்பேன். "அப்புறம் ஒண்ணும் இல்ல" என்பார். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு மாதம் அவராகவே முந்திக்கொண்டு, ஒரு தவறு நடந்துவிட்டது என்றார். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது லிஃப்ட் வேலை செய்யவில்லையாம். நாலு மாடி, எழுபத்திரண்டு படி. ஏற வேண்டியதாகிவிட்டதாம். இனிமேல் நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் அதை எழுதிக்கொண்டேன். ஹெட்போனைக் கழற்றிய பிறகு பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். படி ஏறியதற்கு மன்னிப்புக் கேட்கிற மனுஷனைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இருபத்தாறு மாதம் இப்படிப் போனது. இருபத்தேழாவது மாத அழைப்பை அவர் மனைவி எடுத்தார். எடைக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைக்கப் போனேன். ஒரு நிமிடம் இரும்மா என்றார் அந்த அம்மா. குளியலறைக் குழாய் நின்றுவிடுமோ என்ற பயத்தில் பேசுகிறவர் மாதிரி அவசரமாகவும் மெதுவாகவும் பேசினார்.

"உங்க ஆராய்ச்சி எப்பம்மா முடியும்?"

இன்னும் பத்து மாதம் என்றேன். எதற்குக் கேட்கிறீர்கள் அக்கா என்றேன்.

"அதுக்கப்புறமாவது அவர் மாறலாமான்னு கேக்கத்தான்."

பிறகு அவர் சொன்னதை எல்லாம் நான் நாற்காலியில் சாயாமல் கேட்டேன். சிகிச்சை முடிந்து வந்த வாரமே கணவன் மனைவி இருவரும் காலையில் நடக்கப் போவதென்று முடிவு செய்திருந்தார்களாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சாசேஜ் பொட்டலங்களை அவரே எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாராம். அப்புறம் ஒரு நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசி முடித்துவிட்டு வந்தவர், நான் மாறக்கூடாது, என்னை வைத்துத்தான் மற்றவர்களை அளக்கிறார்கள் என்றாராம். அன்று மாலையே மறுபடி சாசேஜ் வாங்கி வந்தாராம். அந்த அம்மா எட்டுப் பக்கப் பிரசுரத்தைப் படித்துவிட்டுத் தனக்கு ஒரு சமையல், அவருக்கு ஒரு சமையல் என்று இருபத்தாறு மாதமாகச் சமைக்கிறார். தனியாக நடக்கிறார். ஒரு நாள் அவருடைய தட்டில் கொஞ்சம் கீரையை வைத்தபோது, அதை எடுத்துத் தராசில் வைத்து, பதினெட்டு கிராம் அதிகம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"அவங்க அண்ணனுக்கு நான்தாம்மா கடைசில கஞ்சி ஊட்டுனேன். இவருக்கும் ஊட்ட என்னால முடியாது. ஒரு வார்த்தை நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பார்."

குழாய் நின்றது. போன் கைமாறியது. எடைக்காரர் வழக்கம்போல ரொட்டி அறுபத்திரண்டு கிராம் என்று தொடங்கினார். என் கை மட்டும் அது பாட்டுக்குத் தட்டச்சு செய்தது.

எல்லா அழைப்புகளும் பதிவாகும். முதல் அழைப்பைத் தேடி எடுத்துக் கேட்டேன். என் குரல் தேன் சொட்டச் சொட்டப் பேசியது. "சார், ரெண்டாவது குழுன்னா மட்டம்னு நினைக்காதீங்க. உங்க ஆபீஸ்ல மாதிரிக் கல்லு ஒண்ணு இருக்கும் இல்ல? அதை வெச்சுத்தானே மத்த கல்லெல்லாம் சரியான்னு பார்ப்பீங்க? நீங்க எங்களுக்கு அந்த மாதிரி. நீங்க அப்படியே மாறாம இருந்தாத்தான் எங்க அளவு சரியா வரும்." அதற்குப் பிறகு ஒரு சின்னச் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. முப்பது வருடமாக மாதிரிக் கல்லைக் கையுறை போட்டுத் தொடுகிற ஆளிடம், யார் யாரிடமோ சொல்ல வேண்டிய உதாரணத்தைப் போய்ச் சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார்கள். இவர் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டார்.

அவருக்கு உடனே போன் செய்தேன். அலுவலகத்தில் இருந்தார். சார், நீங்கள் தாராளமாக நடக்கலாம், சாப்பாட்டை மாற்றலாம், இரண்டாம் குழுவில் யாரையும் யாரும் தடுக்கவில்லை, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாங்களும் இப்படித்தான் மேடம் செய்வோம். கடைக்காரனுக்குத் தெரியாம எங்க ஆளையே சாமான் வாங்க அனுப்புவோம். எடை குறைக்கறானான்னு பார்க்க. நீங்க நல்லா சோதிக்கறீங்க. நான் அசைய மாட்டேன், கவலைப்படாதீங்க."

சோதனை இல்லை என்று சொன்னேன். சத்தியம் செய்தேன். சோதிக்க வருகிறவர் சோதனை என்று சொல்வாரா என்று கேட்டார். மனைவி ஏதாவது சொன்னாரா என்று வேறு சந்தேகமாகக் கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். கடைசியில், எழுத்தில் வரட்டும், கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும், பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்.

டாக்டரிடம் போனேன். ஆராய்ச்சி மொத்தமும் அவர் தலைமையில்தான் நடக்கிறது. நல்ல மனுஷர், ஆனால் எதையும் இரண்டு முறை சொன்னால்தான் காதில் ஏறும். முதல் முறை சொன்னபோது, இரண்டாம் குழுவில் பாதிப் பேர் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்வோம், இதில் என்ன என்றார். பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

கடிதம் கொடுக்கலாம் என்றார். ஆனால் கடிதம் கொடுத்தால் நடந்ததை முறைப்படி எழுதிவைக்க வேண்டும். இந்த மனுஷர் இயல்பாக வாழவில்லை, எங்கள் ஆள் ஒருவர் சொன்னதால் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். அதனால் அவருடைய விவரம் எதற்கும் உதவாது. இருபத்தாறு மாதத்தையும் நீக்கிவிட வேண்டியதுதான். எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். இல்லையென்றால் இன்னும் பத்து மாதம்தானே, பேசாமல் விட்டுவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலே என் முகத்தைப் பார்த்தார்.

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். யோசித்தேன். பத்து மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்றுகூட யோசித்தேன். எச்சரிக்கைக் கடிதம் எனக்குப் பெரிய விஷயமில்லை. அந்த மனுஷரிடம் போய், நீங்கள் வாயைக் கட்டி, இல்லை, வாயைக் கட்டாமல், பிடிவாதமாக எடை போட்டுத் தின்ற அத்தனையும் குப்பைக்குப் போகிறது என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. ஆனால் அந்த அம்மா கஞ்சி ஊட்டியதைச் சொன்னது காதிலேயே நின்றது. "எழுதுங்க டாக்டர்" என்றேன்.

கடிதத்தைத் தபாலில் அனுப்பவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து அவர் அலுவலகம் அரை மணி நேர நடை. பழைய கட்டடம். முன்னறையில் கடைக்காரர்கள் தங்கள் தராசுகளை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். இரண்டு வருடத்துக்கு மேலாகக் குரலாக மட்டுமே தெரிந்தவர். நான் நினைத்ததைவிட உயரம், நினைத்ததைவிடப் பருமன். வெள்ளைக் கையுறை. பித்தளைக் கற்களை ஒவ்வொன்றாகச் சின்ன இடுக்கியால் தூக்கி ஒரு காய்கறிக் கடைக்காரரின் தராசில் வைத்துக்கொண்டிருந்தார்.

பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சார் என்றதுமே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அது நிஜம் என்று தெரிந்ததும் கேட்டார்.

"அப்ப நான் கொடுத்த விவரமெல்லாம்?"

"எடுத்துடுவாங்க சார்."

"எல்லாமா?"

"இருபத்தாறு மாசமும்."

கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். மடித்து மேஜை மேல் வைத்தார். கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். கத்தியிருந்தால் எனக்குப் பிழைத்தோம் என்று இருந்திருக்கும்.

"முதல் வருஷத்துலயே அந்த சாசேஜ் எனக்கு அலுத்துப் போச்சு மேடம். வாயில வெச்சாலே குமட்டும். உங்ககிட்ட சொன்ன அளவு குறையக் கூடாதேன்னு தண்ணிய ஊத்தி முழுங்குவேன்."

எனக்கு எப்போதும் வருவது கோபம். அன்று அழுகை வந்தது. காய்கறிக் கடைக்காரர் முன்னால் வெட்கம்கெட்டு அழுதேன். மன்னிச்சிடுங்க சார் என்று நாலைந்து தடவை சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, காத்திருந்தவரின் தராசை முடித்துக் கொடுத்தார். அந்தத் தராசில் மூன்று கிராம் கூடுதலாக இருந்ததாம். சரி செய்து கொண்டுவரச் சொன்னார்.

ஆராய்ச்சியிலிருந்து வெளியேறுகிறவர்களுக்கு உடனே ஸ்கோப் வைத்துப் பார்ப்பது விதி. அவருக்கும் வைத்தார்கள். நாலு இருந்தது. மூன்று சின்னது. நாலாவது பெரியது, அதன் தோற்றமே டாக்டருக்குப் பிடிக்கவில்லை. வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் எண்பத்திரண்டு பேரிடம் என்ன கேட்டேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. என் கணினிக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

முடிவு வந்தது. அந்தப் பாலிப்பின் நுனியில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்றுநோய்தான், ஆனால் நுனியோடு நின்றிருந்தது, வேர் வரை போகவில்லை. முழுதாக எடுத்தாகிவிட்டது. மருந்து வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், வாழ்நாள் முழுக்க.

டாக்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அவர் நடந்திருந்தால், சாப்பாட்டை மாற்றியிருந்தால், இது வராமல் இருந்திருக்குமா? டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"ஒருத்தரை வெச்சு சொல்ல முடியாதும்மா. நடந்தவங்களுக்கும் வருது. நடக்காதவங்க சில பேருக்கு வர்றதே இல்ல. ஆயிரம் பேர் நடந்தா எத்தனை பேருக்குக் குறையுதுன்னுதான் சொல்லலாம். அதுக்குத்தானே இத்தனை பேரைச் சேர்த்திருக்கோம்?"

"நான் ஆயிரம் பேரைப் பத்திக் கேக்கல டாக்டர்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. உன் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டாலும் நிம்மதி, உன் மேல் தப்பே இல்லை என்றாலும் நிம்மதி. இரண்டில் ஒன்றை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அலைந்தேன். பதினோரு வருடம் இந்த வேலையில் இருந்துவிட்டு, விடை என்னவென்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை எடைக்காரரே கூப்பிட்டார். என் பட்டியலில் அவர் எண் இப்போது இல்லை. திரையில் வெறும் இலக்கங்கள்தான் வந்தன, இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்கிறது என்றார். வளர்த்தாமல் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரே ஒரு கேள்வி மேடம். நான் நடந்திருந்தா, சாப்பாட்டை மாத்தியிருந்தா, இது வராம இருந்திருக்குமா?"

வந்திருக்கும் சார், எப்படியும் வந்திருக்கும், உங்கள் குடும்பத்தில் இருக்கிறதே என்று சொல்ல நாக்கு துடித்தது. அதைச் சொன்னால் அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். இந்த மனுஷருக்கு ஒரு தடவை நான் கொடுத்த ஆறுதல் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். தெரியாது, யாராலும் சொல்ல முடியாது என்றேன்.

"சரியான பதில்தான்" என்றார். "ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். நீங்க அன்னிக்கு அப்படிச் சொல்லலைன்னா, மறுநாள் காலைல நான் நடக்கப் போயிருப்பேன்."

கோபமே இல்லை அந்தக் குரலில். வெண்ணெய் பதினொரு கிராம் என்று சொன்ன அதே குரல்.

"ஆமா சார்" என்றேன். "என்னை மன்னிக்க முடிஞ்சா மன்னிச்சிடுங்க" என்றேன்.

"இன்னும் இல்ல. இப்பவே மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யாயிடும். ஆனா வரும்னு நினைக்கறேன். வந்ததும் சொல்றேன்."

பின்னால் அவர் மனைவி வாசலிலிருந்து கூப்பிடுவது கேட்டது. இருட்டுவதற்குள் போய்விட்டு வர வேண்டுமாம். வந்துட்டேன் என்று மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, வெச்சிடறேன் மேடம் என்று எனக்குச் சொன்னார். எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அவரிடம் அதைக் கேட்கிற உரிமை எனக்கு இப்போது இல்லை என்பதால் கேட்கவில்லை.